தாய்ப்பத்திரம் தேடப்போய் அகப்பட்ட பூட்டி

பாகப்பிரிவினை எழுத வேண்டுமென்றால் தாய்ப்பத்திரம் கொண்டுவாருங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எல்லாம் அதில் தொடங்கியதுதான். வந்தவாசிப் பக்கம் எங்களுக்கு இருப்பது ஏரிப்பாசனத்தில் 66 சென்ட் நஞ்சை. அப்பா, அத்தை, சித்தப்பா மூவருக்கும் பொது. கையில் இருந்தது தாத்தா பெயரில் ஒரு பழைய பட்டாவும், மடித்து மடித்துக் கிழிந்துபோன கிஸ்தி ரசீதுகளும்தான். தாத்தாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. கேட்டால், "அவங்க அம்மா வழியில வந்தது" என்பார்கள்.

அந்த அம்மா, அதாவது எங்கள் பூட்டி, சின்ன வயதிலேயே தாலியறுத்துத் தாய்வீட்டோடு இருந்து ஒற்றை மகனை வளர்த்து ஆளாக்கியவர். வீட்டில் அவரைப் பற்றி இருந்த வரலாறு இந்த ஒரு வரிதான். அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் இங்கே எழுதவில்லை. அத்தை வேண்டாம் என்றார்.

தமிழ்நாட்டில் இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகளைத்தான் காட்டும். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கைத்தேடல்தான். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிலப் பத்திரங்கள் பதியப்படுவது 1ஆம் புத்தகத்தில். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரி, இரண்டாவது அட்டவணை கிராமவாரி, சொத்துவாரி. பழைய காலத்துப் பெண்ணைப் பெயர் அட்டவணையில் தேடுவது வீண்வேலை. ஊரில் பாதிப்பேருக்கு ஒரே குலதெய்வத்தின் பெயர், இனிஷியலும் கிடையாது. ஆகவே கிராமத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் அட்டவணையில் இறங்க வேண்டும். அதற்குப் பழைய சர்வே எண் தேவை. இப்போதைய எண்ணுக்குப் பழைய எண் எது என்பது கிராமத்தின் அ-பதிவேட்டில் இருக்கும். முதலில் அதை வாங்கிக்கொண்டு போனால் தேடுகிறவருக்கும் வேலை மிச்சம், நமக்கும் அலைச்சல் மிச்சம்.

கிடைத்தது 1908ஆம் ஆண்டுப் பத்திரம். நகலை வாங்கி முதலில் பார்த்தபோது தமிழ்தானா என்றே சந்தேகம் வந்தது. புள்ளியே வைக்காத எழுத்து. 'றா', 'னை' எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய சுழித்த வடிவம். எண்கள் தமிழ் எண்கள். பரப்பளவு சென்ட்டில் இல்லை, குழியில். எங்கள் பக்கம் 100 குழி ஒரு காணி, ஒரு காணி 1.32 ஏக்கர். ஆண்டைச் சரிபார்க்கப் பத்திரமே மூன்று வழி கொடுக்கிறது: ஆங்கிலத் தேதி, கீலக வருஷம் ஐப்பசி என்ற தமிழ்த் தேதி, நிலவரிக் கணக்கு ஆண்டான பசலி 1318. பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலையில் பசலி மாறும். மூன்றும் ஒத்துப்போனால் படித்தது சரி என்று நம்பலாம்.

வாசிக்க வாசிக்க மூன்று இடங்களில் நின்றுவிட்டேன். எழுதி வாங்குபவர் பூட்டி. அவரைப் பத்திரம் இப்படி அடையாளம் சொல்கிறது: "முன்பு நெட்டால் சீமைக்குப் போய்த் திரும்பிவந்து தற்சமயம் மேற்படி கிராமத்தில் குடியிருக்கும்" இன்னாருடைய குமாரத்தி. ஜீவனம் கூலி. கிரயம் 120 ரூபாய், ரொக்கம். வாங்கிய பரப்பு 30 குழி.

30 குழி என்றால் 40 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எங்களிடம் இருப்பது 66. மீதி எங்கே என்பது வக்கீலின் கவலை. என் கவலை வேறாகிவிட்டது. கூலி வேலை செய்த ஒரு பெண் 1908இல் தன் பெயரில், தன் காசில் நஞ்சை வாங்குகிறார். அவரைப் பெண்சாதி என்றும் எழுதவில்லை, விதவை என்றும் எழுதவில்லை. தகப்பன் பெயரோடு நிறுத்திவிட்டார்கள். தகப்பன் பெயர் 'ப'வில் தொடங்குகிறது. எங்கள் தாத்தாவின் இனிஷியலோ 'மு'. அது பூட்டியின் அப்பா பெயர் என்றுதான் நாங்கள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம்.

அத்தைதான் பூட்டியைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சமிருப்பவர். பூட்டி போகும்போது அத்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். வயதானவர்களிடம் "உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்டால், "எனக்கு என்னப்பா தெரியும்" என்றுதான் பதில் வரும். ஆளைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஆளின் உடம்பு, கைப்பொருள், சாப்பாடு, சண்டை, இவற்றைக் கேட்க வேண்டும். குட்டையா நெட்டையா? எந்தக் கையால் அடிப்பார்? எந்தப் பொருளைத் தொடவிடமாட்டார்?

"ஆயா குள்ளம்டா. என் தோளுக்குத்தான் வரும். வலது முட்டிக்கைல தோல் சுருங்கி இம்மாம் பெருசு சூட்டுத் தழும்பு. சின்னப் புள்ளைல கொதிக்கிற கஞ்சி கொட்டிடுச்சாம். இடுப்புச் சுருக்குப் பையில ஒரு சவரன் காசு வெச்சிருக்கும், தாடிக்கார ராஜா தலை போட்டது. அதத் தொட்டா போச்சு."

தாடிக்கார ராஜா என்றால் ஏழாம் எட்வர்டு. 1902 முதல் 1910 வரை அடித்த சவரனில் அவர் தலை இருக்கும். பூட்டியின் கணவரைப் பற்றிக் கேட்டேன். "ஆயாகிட்ட அதக் கேக்க எங்கப்பாவுக்கே தைரியம் இல்ல. நான் எங்க கேக்கறது?"

பத்திரம் நெட்டால் என்று எழுதிய நேட்டால், இப்போது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கற்பட்டு, சேலம், விசாகப்பட்டினம் மாவட்டத்துச் சனங்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் தனியாக அகப்பட்ட பெண் என்றால் ஆள்பிடிக்கும் தரகருக்கு அதிக மவுசு.

நல்ல காலமாக நேட்டால்காரர்கள் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்தான் அங்கே ஆளின் முகவரி, சம்பளக் கணக்கு, குற்றப் பதிவு, சாவுக் குறிப்பு எல்லாவற்றுக்கும் தலைப்பு. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம் அங்குலத்தில், உடம்பில் உள்ள அடையாளம், ஊர், தாலுகா, ஜில்லா என்று நெடுக்கப் பத்திகள். தப்பி ஓடினால் பிடிப்பதற்காகத்தான் தழும்பையும் மச்சத்தையும் அவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு இன்று அதுவே உதவுகிறது. டர்பனில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வெளியிட்டிருக்கிறது. நான் பயன்படுத்தியது அதைத்தான்.

எந்த ஆண்டில் தேடுவது? ஒப்பந்தம் 5 ஆண்டு. பத்திரம் எழுதியது 1908 அக்டோபர். எட்வர்டு சவரன் 1902க்கு முன் கிடையாது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 1898க்கும் 1903க்கும் இடையில் கப்பலேறியிருக்க வேண்டும். தாத்தாவின் வயதும் இதற்குள் அடங்குகிறது. இந்த ஆண்டுகளின் சென்னைக் கப்பல்களை மட்டும் ஒரு எக்செல் தாளில் கொட்டிக்கொண்டேன். உம்லாசி, உம்ஸிண்டோ, உம்ஃபுலி என்று நேட்டால் ஆறுகளின் பெயரை வைத்துக்கொண்டு போய்வந்த கப்பல்கள் அவை.

பெயரைப் போட்டுத் தேடவில்லை. காரணம், நம் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். குப்பம்மா என்பவர் சியில் தொடங்குவார், கேயில் தொடங்குவார். உகரம் ஒரு இடத்தில் யூ, இன்னொரு இடத்தில் இரட்டை ஓ. சின்னம்மா எஸ்ஸிலும் சிஎச்சிலும் இருப்பார். அம்மாள் என்பதில் கடைசி ள் பாதிப்பேருக்கு விழுந்துவிட்டது. இந்த எழுத்தர்களின் காதுதான் கவுண்டரை கோவெண்டர் ஆக்கியது, முதலியை மூட்லி ஆக்கியது. டர்பனில் இன்றும் அவை குடும்பப் பெயர்களாக நடமாடுகின்றன.

எனவே பெயரை விட்டு ஊரை வைத்துத் தேடினேன். முதலில் ஜில்லா: வட ஆற்காடு. அதையே நான்கைந்து விதமாகச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள், அத்தனையையும் ஒன்றாக்க வேண்டும். அன்றைய வட ஆற்காடு இன்றைய மாவட்டம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. சித்தூர் 1911இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. வந்தவாசி திருவண்ணாமலையோடு சேர்ந்தது 1989இல். அடுத்து தாலுகா: வாண்டிவாஷ், ஆங்கிலேயர் வாயில் வந்தவாசி. இது ஒன்று மட்டும் ஆங்கிலேயருக்கு நன்றாகப் பழகிய பெயர், 1760இல் அங்கே பிரெஞ்சுக்காரர்களோடு மோதி ஜெயித்தவர்கள் அல்லவா? எழுத்துப் பிழை குறைவு. அப்புறம் கிராமம். தெள்ளார், மருதாடு போன்ற ஊர்களுக்கே மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் என்றால், எங்கள் ஊர் போன்ற குக்கிராமத்துக்குக் கேட்கவே வேண்டாம். வாண்டிவாஷ் தாலுகாவைப் பிரித்து எடுத்து, பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு, கிராமப் பத்தியை வாய்விட்டுப் படித்தேன். இது கேலியாகத் தோன்றலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஊர் காதுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தை அப்படியே உரக்கச் சொன்னால் சட்டென்று நம் ஊர்ப் பெயர் வாயில் வந்து விழும்.

ஊரும் பெயரும் கிட்டத்தட்ட ஒத்துவந்தவர்கள் சிலர். ஒருவர் 40 வயது, தள்ளிவிட்டேன். இன்னொருவர் தகப்பன் பெயர் வேறு. ஒருவர் மட்டும் நின்றார். 1902. வயது 22. தகப்பன் பெயர் 'ப', பத்திரத்தில் உள்ள அதே பெயர். உயரம் 58 அங்குலம், அதாவது 4 அடி 10. அடையாளம் என்ற பத்தியில் மூன்றே சொல்: வலது முழங்கையில் தீத்தழும்பு.

அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதையுமா எழுதி வெச்சானுங்க?" என்றார்.

இந்தப் பட்டியலில் ஒருவரைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடக் கூடாது. ஒரு குடும்பமாகப் போனவர்களுக்கு எண்கள் தொடர்ச்சியாக இருக்கும். மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி பார்க்க வேண்டும். பூட்டிக்கு மேலே இருந்தவர் விசாகப்பட்டினத்துக்காரர், சம்பந்தமில்லை. கீழே, அடுத்த எண்ணில், ஒரு பெண் குழந்தை. வயது 2. ஊர் அதே ஊர். தாயின் எண் என்று பூட்டியின் எண்ணைக் குறித்திருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் இப்படியொரு குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறார். பூட்டி தாலியறுத்தவர் என்ற கதையும் முழுப் பொய்யில்லை என்று தோன்றியது; 22 வயதில் இரண்டு வயதுக் குழந்தையோடு, கூட ஆண்துணை யாரும் இல்லாமல், கப்பலேற்றுவதற்கு முன் ஆட்களைச் சேர்த்துவைக்கும் டிப்போவுக்குப் போய் நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு சாவோ ஒரு சண்டையோ இருந்திருக்கும்.

எண் கையில் வந்துவிட்டால் அடுத்த கதவு திறக்கும். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நாயர்ஸ் என்ற பெயரில் ஒரு தேடுதளம் இருக்கிறது. பார்ப்பதற்குப் பழைய காலத்து ரயில்வே முன்பதிவுத் திரை மாதிரி இருக்கும், பயந்துவிட வேண்டாம். அதில் என்.ஏ.பி. என்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள நேட்டால் காப்பகம். ஐ.ஐ. என்பது இந்தியக் குடிவரவுத் துறையின் தாள்கள். லீர் என்றால் கோப்பு. பெயரைப் போடாமல் எண்ணைப் போட்டுத் தேடினால், அந்த எண்காரர் அதிகாரிகளோடு மோதிய இடமெல்லாம் வரிசையாக வரும். மோதாமல் வாயை மூடிக்கொண்டு உழைத்துத் திரும்பியவர்களுக்கு இங்கே ஒன்றும் இருக்காது. தொல்லை கொடுத்தவர்களுக்குத்தான் கோப்பு.

பூட்டிக்குக் கோப்பு இருந்தது. 1904. தளத்தில் தெரிவது தலைப்பு மட்டும். தாள்களைப் பார்க்க நேரில் போக வேண்டும் அல்லது யாரையாவது அனுப்ப வேண்டும். அங்கே இதையே தொழிலாகச் செய்யும் ஒரு ஆய்வாளரைப் பிடித்து, முழுக் குறிப்பெண்ணையும் கொடுத்து, தாள்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். தலைப்பை மட்டும் கொடுத்தால் தேடும் கூலியும் நம் தலையில் விழும். தொகுதி எண், கோப்பு எண், ஆண்டு மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

வந்த படங்களில் தோட்ட மேலாளரின் கடிதம் ஒன்று, இந்தியக் குடிவரவாளர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் அலுவலகக் குறிப்புகள், பூட்டியின் வாக்குமூலம், இன்னொருவரின் வாக்குமூலம். இடம் ஸ்டாங்கர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நேட்டால் என்றால் கரும்பு என்றுதான் நினைக்கிறோம். அந்த வடகரையில் அப்போது தேயிலையும் பயிராகியது, கிள்ளுவதற்குப் பெண்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டார்கள்.

வாக்குமூலம் துபாஷி ஒருவர் சொல்லச்சொல்ல ஆங்கிலத்தில் எழுதியது. பூட்டி பேசிய தமிழ் அதில் இல்லை. விஷயம் இதுதான். குழந்தைக்குச் சீதபேதி. பூட்டி வேலைக்குப் போகாமல், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் குழந்தையோடு இருந்தார். வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். நேட்டால் தோட்டங்களில் எல்லோரையும் வதைத்த இரட்டை வெட்டு இது. குழந்தை இறந்துவிட்டது. மூன்றாம் நாள் சர்தார், அதாவது தோட்டத்து மேஸ்திரி, வந்து கூடையை எடு என்றார். பூட்டி கூடையை எடுக்கவில்லை. எழுத்துச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போவது குற்றம் என்று தெரிந்தும் ஸ்டாங்கர் மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு நடந்துபோய், பிடித்த கூலியைத் திருப்பித் தர வேண்டும், வேறு தோட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார்.

இரண்டும் கிடைக்கவில்லை. பிடித்தம் செய்தது சட்டப்படி சரி, மாற்றத்துக்குக் காரணம் போதாது என்று ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி. பூட்டியின் வாக்குமூலத்தின் அடியில் அவர் பெயரை எழுத்தர் எழுதி, பெயருக்கு நடுவில் இடம் விட்டிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. முதல் கோடு மெலிதாக, நடுங்கி. இரண்டாவது கோடு பேனா முள் தாளைக் கீறும் அளவுக்கு அழுத்தி. மை கசிந்து பக்கத்து எழுத்துவரை பரவியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டியின் கையால் ஆனது என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் காசுக் கணக்கு பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் 120 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பது புரியாது. நேட்டால் ஒப்பந்தப்படி ஆணுக்கு முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டு 14. பெண்ணுக்கு அதில் பாதி. ஆக, பூட்டி ஒருநாள்கூட விடாமல் வேலை செய்திருந்தால் ஐந்து ஆண்டில் மொத்தம் 360 ஷில்லிங், அதாவது 18 பவுன். அன்று ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 270 ரூபாய். அரிசி, பருப்பு, உப்பு தோட்டக் கணக்கு. வெட்டிய கூலி, மேற்செலவு போக அதில் பாதியை முடிந்துகொண்டு வந்து நிலமாக்கியிருக்கிறார். சவரன் ஒன்றைச் செலவழிக்காமலும் வைத்திருக்கிறார். என் ஈ.எம்.ஐ. கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டேன், அது வேறு கதை.

ஏன் அங்கேயே தங்கவில்லை? அதற்கும் காசுதான் காரணம். 1895ஆம் ஆண்டு நேட்டால் சட்டம் 17, ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு மூன்று வழி வைத்தது: மறுபடி ஒப்பந்தம் எழுது, ஊருக்குத் திரும்பு, இல்லை என்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டு. பெண்களுக்கும் அதே வரி. பூட்டியின் ஐந்தாம் ஆண்டுக் கூலியே மாதம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 84 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மிச்சம் 24. இதை வைத்துக்கொண்டு யார் பிழைப்பது? 1913இல் காந்தியோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இந்த வரியை எதிர்த்துத்தான். அந்தப் போராட்டத்தில் சிறை போய், 1914இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நமக்குத் தெரியும். அந்த ஆண்டே வரியை எடுத்துவிட்டார்கள். பூட்டிக்கு அது உதவவில்லை, அவர் திரும்பிப் பல வருடம் ஆகியிருந்தது.

கோப்பில் இன்னொரு வாக்குமூலம் இருக்கிறது என்றேனே, அது ஒரு ஆணுடையது. அதே தோட்டத்து ஆள். பிடித்தம் செய்தது அநியாயம் என்று பூட்டிக்காகச் சாட்சி சொல்கிறார். எழுத்தர் அவரை, இந்தப் பெண்ணின் கணவன் என்று சொல்லிக்கொள்பவன் என்று குறித்திருக்கிறார். பெயர் 'மு'வில் தொடங்குகிறது.

அவருடைய எண்ணை எடுத்துக்கொண்டு கப்பல் பட்டியலுக்குத் திரும்பினேன். அதே கப்பல். பூட்டிக்கு இரண்டு பக்கம் தள்ளி. சேலம் ஜில்லா. சாதி வேறு. அவ்வளவு வித்தியாசமான சாதி என்று சொன்னால் போதும், எது எது என்று எழுதினால் படிக்கிறவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள்.

ஆக, எங்கள் தாத்தா பெயருக்கு முன்னால் எண்பது வருடம் நின்ற எழுத்து, அப்பா, சித்தப்பா பள்ளிச் சான்றிதழ்களில் தகப்பன் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்த எழுத்து, சேலத்துக்காரர் ஒருவருடையது. பூட்டி ஊருக்குத் திரும்பும்போது கையில் மூன்று வயது மகனைக் கொண்டுவந்தார், அவன் தகப்பன் யார் என்று சொல்லவில்லை, ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது அந்த எழுத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. தாய்வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதை ஊகிக்கலாம். தாலியறுத்தவள் என்ற பழைய உண்மையையே இன்னொரு தடவை பயன்படுத்திக்கொண்டார் போல.

சொந்தக்காரப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, கப்பலில் மலர்ந்த காதல் என்று ரீல்ஸ் போடக் கிளம்பினான். போடாதே என்றேன். கப்பலில் நடந்ததா, லயத்தில் நடந்ததா, காதலா, ஒரு பெண் தனியாக லயத்தில் படுக்க முடியாது என்ற பயமா, எதையும் தாள் சொல்லவில்லை. தாள் சொல்வது, கூலி பிடித்ததற்கு எதிராக அவர் கூட நின்றார் என்பதை. எனக்கு அது போதும்.

இதற்கிடையில் வக்கீல் மீதிப் பரப்புக்குப் பத்திரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுபடி இரண்டாம் அட்டவணை, அதே கிராமம், இந்த முறை பக்கத்து சர்வே எண். 1912ஆம் ஆண்டு, 20 குழி, 90 ரூபாய். 30 குழியும் 20 குழியும் சேர்த்து அரைக்காணி, சென்ட்டில் 66. கணக்கு நேராகிவிட்டது. வக்கீல் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டார். அவர் கவனிக்காத ஒன்று அந்தப் பத்திரத்தில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் 'ப' குமாரத்தி என்று எழுதிய அதே ஊரில், அதே பெண்ணை இந்தப் பத்திரம் "நெட்டாலில் இருக்கும் மு... பெண்சாதி" என்கிறது. ஊர் கேட்க, சார்பதிவாளர் முன்னால், இரண்டு சாட்சி வைத்து எழுதியிருக்கிறார்கள். மூடி மறைத்தது பூட்டி இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பின்னால் வந்தவர்கள், கல்யாணம் கார்த்திகை என்று சம்பந்தம் பேசப் போனபோது, கொஞ்சம் கொஞ்சமாக அவரை விதவையாக்கிவிட்டார்கள்.

90 ரூபாய் எங்கிருந்து வந்தது? நாயர்ஸில் 'மு'வின் எண்ணைப் போட்டால் 1912ஆம் ஆண்டில் ஒரு கோப்பு வருகிறது. தலைப்பில் இருப்பது, இந்தியாவுக்குப் பணம் அனுப்புவது குறித்து என்பது மட்டும். கூலிகளின் பணத்தை ஊருக்கு அனுப்பிவைக்கும் வேலையையும் பாதுகாவலர் அலுவலகம் பார்த்தது. குறிப்பெண்ணை அனுப்பியிருக்கிறேன். அந்தத் தொகுதி பழுதுபார்க்கப் போயிருக்கிறது, திரும்பி வந்ததும் படமெடுத்து அனுப்புகிறேன் என்று ஆய்வாளர் எழுதியிருக்கிறார்.

கணவரின் எண் தெரியாமல் மனைவியின் எண்ணோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட கோப்பு கண்ணில் படாது. ஆகவே கிடைத்த தாளில் வேறு யார் எண் இருந்தாலும் எழுதி வைத்துக்கொண்டு அதையும் தேடுங்கள். சாட்சி, லயத்து அடுத்த அறைக்காரர், சர்தார் உட்பட.

பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வைக்க ஒரு வம்சாவளி அட்டவணை தயாரிக்க வேண்டியிருந்தது. சித்தப்பா, சேலத்துக்காரரைப் போட வேண்டாம், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது தொல்லை என்றார். அத்தை ஒரே பிடியாக நின்றார்: "போடு. அந்தப் பொண்ணையும் போடு, ரெண்டு வயசுக் குழந்தையா இருந்தா என்ன, எங்கப்பாவுக்கு அக்கா இல்லையா?" இருவரையும் போட்டுத்தான் அச்செடுத்திருக்கிறேன். சித்தப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.